மௌனப் படத்தைச் சரியாகத் திரையிடுவது எப்படி? வேகம், இசை, பேச்சு வந்த விதம்

#1 அரசலாறு

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் மாதம் ஒரு மௌனப் படம் போடுவதாக நாலைந்து பேர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். கடைசி இரண்டு மாதம், மௌனத்திலிருந்து பேச்சுக்கு மாறிய காலத்துப் படங்கள். மண்டபத்தில் 150 பேர் உட்காரலாம். 3,000 லூமென் புரொஜெக்டர், 10 அடி அகலத் திரை, லேப்டாப், மண்டபத்து ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. வயலின், மிருதங்கம், கஞ்சிரா வாசிக்க ஆள் தயார். நாதஸ்வரமும் வேண்டும் என்று ஒரு கட்சி.

ஒரே படம் இணையத்தில் மூன்று நீளத்தில் கிடைக்கிறது, எதை எடுப்பது? ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவது படத்தின் கோளாறா, ஓட்டுவதில் கோளாறா? இசையை எங்கிருந்து தொடங்குவது? காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் ஆங்கில எழுத்து அட்டை வரும்போது என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கார்பன்கம்பி

முதலில் வேகம். அது தப்பினால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். 1,000 அடி ரீல் என்றால் 16,000 பிரேம். நொடிக்கு 16 பிரேம் வீதம் ஓட்டினால் அந்த ரீல் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 18 என்றால் 14 நிமிடம் 49 நொடி. 20 என்றால் 13 நிமிடம் 20 நொடி. 24ல் 11 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். இப்போது 7,000 அடிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 18ல் சுமார் 104 நிமிடம், 24ல் 78 நிமிடம். ஒரு காட்சிகூட வெட்டாமலே 26 நிமிட வித்தியாசம். நீங்கள் பார்த்த மூன்று நீளங்களில் இரண்டாவது இப்படி வந்திருக்கும். படத்தின் நீளம் அடிக்கணக்கில் பல இடங்களில் பதிவாகியிருக்கும். நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை 3.75 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். மொத்த அடியை அதால் வகுத்துப் பாருங்கள், எந்தப் பிரதி எந்த வேகத்தில் மாற்றப்பட்டது என்று பிடிபட்டுவிடும்.

கைப்பிடி கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 பிரேம் ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. இது தொடக்ககால வழக்கம். 1920களில் 20, 22 என்று ஏறிக்கொண்டே போனது. கொட்டகைக்காரர்கள் எடுத்த வேகத்தைவிடச் சற்று கூட்டியே ஓட்டினார்கள். ஒரு நாளில் ஒரு காட்சி கூடுதலாகப் போடலாம் என்பது ஒரு காரணம். அது தெரிந்தே சில ஒளிப்பதிவாளர்களும் வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள். துரத்தல் காட்சி என்றால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள், திரையில் பரபரப்பாகத் தெரிய. ஆகவே ஒரே படத்துக்குள்ளேயே வேகம் மாறும். "மௌனப் படம் என்றால் 16" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கண்ணால் சரிபார்க்க: ஆள் நடப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடை ஆளுக்கு ஆள் மாறும். ஊற்றும் தண்ணீர், கீழே விழும் துணி, புகை, நாற்காலியில் தொப்பென்று உட்காரும் உடம்பு, இவற்றைப் பாருங்கள். இவை புவியீர்ப்பின் கணக்கில் நடப்பவை, நடிகர் மாற்ற முடியாது. தண்ணீர் எண்ணெய் மாதிரி வழிந்தால் வேகம் குறைவு. துணி கல் மாதிரி விழுந்தால் அதிகம்.

அந்தக் காலத்தில் 16 பிரேமில் திரை மினுங்கவில்லையா என்று கேட்பார்கள். ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டரில் மூன்று இதழ் வைத்து ஒவ்வொரு பிரேமையும் மூன்று முறை காட்டினார்கள். 16 × 3 = 48 ஒளித்துடிப்பு. 24 பிரேமுக்கு இரண்டு இதழ், அப்போதும் 48.

#3 சுருள்பெட்டி

டிஜிட்டல் பக்கம் நான் சொல்கிறேன்.

கையில் உள்ள கோப்பை விஎல்சி பிளேயரில் நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நான்கு பிரேமில் ஒன்று முந்தையதின் நகலாக இருந்தால் அது 18ல் இருந்து 24க்கு மாற்றப்பட்டது. வேகம் ஏற்கெனவே சரி, கை வைக்காதீர்கள். மூன்றில் ஒன்று நகல் என்றால் மூலம் 16. ஆறில் ஒன்று என்றால் 20. நகலே இல்லாமல் எல்லாப் பிரேமும் வேறுவேறாக இருந்து, ஆட்களும் ஓடினால், அது 24ல் அப்படியே கொட்டப்பட்டது. அதை 18க்குக் கொண்டுவர 0.75 வேகம், 20க்கு 0.83. எடிட்டிங் மென்பொருளில் மாற்றும்போது அடுத்தடுத்த பிரேம்களைக் கலக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை அசையும்போதெல்லாம் பேய்நிழல் தொடரும். பழைய டிவிடியிலிருந்து எடுத்த கோப்பில் அசைவின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் இன்டர்லேஸ் கோளாறு, அதாவது ஒரு பிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்ததால் வருவது. அந்தக் கோப்பைச் சீர்செய்வதைவிட வேறு பிரதி தேடுவது நல்லது.

அடுத்தது சட்டகம். மௌனப் படம் 1.33க்கு 1. உங்கள் 10 அடித் திரை அகலத்திரை வடிவம் என்றால் உயரம் 5 அடி 7 அங்குலம்தான் இருக்கும். படம் 7 அடி 6 அங்குல அகலத்துக்குத்தான் வரும். "திரை காலியாகக் கிடக்கிறதே" என்று யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். இழுத்தால் முகமெல்லாம் தவலை மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடிக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். காலியிடம் கண்ணில் படாது, யாரும் ரிமோட்டைத் தேடமாட்டார்கள்.

மௌனப் பிரேம் பிலிமின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் ஒலித்தடத்துடன் மறுபிரதி எடுத்தபோது இடப்பக்கம் ஒரு பட்டை பறிபோனது. இடது ஓரத்தில் நிற்கும் ஆள் பாதியாகத் தெரிந்தால், எழுத்து அட்டை இடப்பக்கம் தள்ளி நின்றால், அது வெட்டுப்பட்ட பிரதி. 78, 104 என்ற கணக்குக்குள் வராத மூன்றாவது நீளம் பெரும்பாலும் இந்த மாதிரி மறுவெளியீட்டுப் பிரதியாக இருக்கும்.

அந்த அளவுக்கு 3,000 லூமென் தாராளம், அதுவும் இருட்டான மண்டபத்தில். சிக்கன நிலையில் ஓட்டுங்கள். விசிறிச் சத்தமும் குறையும்.

#4 திருவாரூர்த்தேர்

கறுப்பு வெள்ளைப் படத்தில் சில பிரதிகள் நீலமாகவும் மஞ்சளாகவும் வருகின்றனவே? யாரோ பின்னால் பூசியதா?

#5 சுருள்பெட்டி

இல்லை ஐயா, அதுதான் மூலம். மௌனப் படங்களில் பெரும்பாலானவை வண்ணச் சாயத்தில் தோய்த்த பிரதிகளாகவே கொட்டகைக்குப் போயின. இரவு வெளிக்காட்சி நீலம், விளக்கெரியும் அறை மஞ்சள், தீ சிவப்பு. 1922ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் சாயமில்லாத பிரதியைப் போட்டால் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும். பகலில் எடுத்து நீலச் சாயம் ஏற்றினால் இரவு. அப்படித் திட்டமிட்டே எடுத்தார்கள். சாயம் போனதும் கதையே கெட்டது.

பேச்சு வந்ததும் இந்தச் சாயம் ஏன் போனது என்பதும் இந்த இழைக்குத் தேவையான செய்தி. பிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் வந்தது. அதன் வழியே வெளிச்சம் பாய்ந்து, வெளிச்சத்தை மின்சாரமாக்கும் போட்டோசெல்லில் விழவேண்டும். சாயங்கள் போட்டோசெல்லுக்கு வேண்டிய வெளிச்சத்தையே தின்றன, ஒலி மங்கியது. அதைச் சமாளிக்க ஈஸ்ட்மன் கோடாக் 1929ல் சோனோக்ரோம் என்று தனிச் சாய பிலிம் வகைகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழக்கம் விட்டுப்போயிற்று.

#6 கண்டகதி

இசை பற்றி. வயலின், மிருதங்கம், கஞ்சிரா போதும். ஒரு ஆர்மோனியம் சேர்த்தால் நிறைவு. நம் ஊர்க் கொட்டகைகளில் மௌனப் படத்துக்கு வாசித்தது அதுதான், கூடத் தபலா.

நாதஸ்வரக் கட்சிக்கு: 150 பேர் மண்டபம், டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர். அதில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தால் பத்து நிமிடத்தில் காது அலுத்துவிடும். சன்னமான இடங்களுக்கு இறங்கவும் முடியாது. அது வெளி வாத்தியம். படம் தொடங்கும்முன் மண்டபத்து வாசலில் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். கொட்டகை வாசலில் மேளம் கட்டிக் கூட்டம் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம்தான், மாட்டுவண்டியில் தட்டிபோர்டு கட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டே போனதும் அப்படித்தான்.

வேலை முறை இது. படத்தை முதலில் ஒலியில்லாமல் இரண்டு முறை பாருங்கள், வாத்தியம் தொடாமல். மூன்றாம் முறை ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: நேரம், எதைப் பார்த்து மாறவேண்டும், ராகம், நடை. முக்கால் மணி நேரப் படத்துக்கு 20 முதல் 25 வரிக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ராகம் மாற்றினால் கேட்பவருக்கு ராகமாலிகைப் போட்டி மாதிரி ஆகிவிடும், படம் பின்னால் போய்விடும்.

டெல்டாவில் இன்னொரு ஆபத்து உண்டு. தெரிந்த கீர்த்தனையின் பல்லவியைத் தொட்டீர்களோ, முன்வரிசை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். மனசு சாகித்யத்துக்குப் போய்விடும், கண் திரையில் இருக்காது. ராகத்தை எடுங்கள், பாட்டை எடுக்காதீர்கள். ஆலாபனையும், சின்னச் சின்ன ஸ்வரக் கோவையும் போதும். துக்கத்துக்கு உடனே முகாரி போகாதீர்கள். சுபபந்துவராளியை ஒற்றை வயலினில் மெல்ல விட்டால் கூடுதலாக வேலை செய்யும். துரத்தலுக்குக் கதனகுதூகலம் எடுப்பாக நிற்கும்.

கணக்கு வேண்டுமென்றால்: நிமிடத்துக்கு 80 அட்சரக் காலப்பிரமாணத்தில் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் (8 அட்சரம் கொண்ட ஒரு சுற்று) 6 நொடி. 3 நிமிடக் காட்சிக்கு 30 ஆவர்த்தனம். கடைசி மூன்றில் கோர்வை (முடிப்புக் கோவை) வைத்து, திரையில் கதவு அடிபட்டுச் சாத்தும் அந்தக் கணத்தில் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு வரலாம். ஆனால் வாசிப்பவர் சூட்டில் 84க்கு ஏறிவிட்டால் அதே 30 ஆவர்த்தனம் 171 நொடியிலேயே முடிந்துவிடும். கதவு இன்னும் திறந்திருக்கும், மிருதங்கம் முடித்து உட்கார்ந்திருக்கும்.

#7 வெண்ணாற்றங்கரை

கண்டகதி சொன்ன கடைசிக் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணி வாசிப்பவர் கண் திரையில் இருக்காது. கதவு சாத்தும்முன் அந்த நடிகர் தோளைத் திருப்புவார், அதுதான் எடுப்பு. பரதநாட்டியத்துக்கு வாசிக்கும் மிருதங்கக்காரர் காலைப் பார்த்து வாசிப்பதில்லையா, அந்தப் பழக்கம் உள்ளவரைப் பிடியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

#8 கண்டகதி

ஒப்புக்கொள்கிறேன், நட்டுவாங்கத்தோடு வாசித்தவர் கிடைத்தால் கணக்கே வேண்டாம். கிடைக்காதபோது கணக்கு கைத்தடி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: கோர்வையை மூன்று நீளத்தில் தயாராக வைத்திருப்பது, ஓர் ஆவர்த்தனம், இரண்டு, மூன்று. தோள் திரும்பும்போது எது பொருந்துமோ அதை எடுப்பது.

ஓர் உதாரணம். பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்', 1924, முக்கால் மணி நேரம். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல படம் இல்லை. படம் ஓட்டுபவன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள் நுழைகிறான். அவன் அப்படியே இருக்க, பின்னணி மட்டும் வெட்டு வெட்டாக மாறும். தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப் போனால் அது தெருவாகிவிடும், விழுவான். நடந்தால் மலை விளிம்பு. எட்டிப்பார்த்தால் சிங்கங்கள். பிறகு ரயில் போகும் பொட்டல், கடல் நடுவே பாறை, பாறையிலிருந்து குதித்தால் பனிக்குவியல். இங்கே இடத்துக்கு ஓர் இசை என்று போனால் கெட்டது. இடம் மாறுகிறது, ஆள் மாறவில்லை, அதுதான் வேடிக்கை. ஆகவே வயலின் ஒரே சின்ன ஸ்வரக்கோவையை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். கஞ்சிரா மட்டும் அவன் தடுமாறும் இடத்தில் ஒரு குமுக்கு கொடுக்கட்டும். மிருதங்கம் சும்மா இருக்கலாம்.

சும்மா இருப்பதற்கும் பழக வேண்டும். படத்தில் ஓரிரு இடத்தில் தம்புராவையும் நிறுத்திவிடுங்கள். 150 பேர் மூச்சு கேட்கும்.

#9 கார்பன்கம்பி

படம் தொடர்ந்து ஓடும்போது பக்கவாத்தியக்காரர்களுக்குத் திரை தெரியவேண்டும், அவர்கள் விளக்கு திரையில் படக்கூடாது. திரைக்கு இடப்பக்கம், பக்கவாட்டில் உட்காரவைத்து, தாள் தாங்கிக்கு மட்டும் சின்ன விளக்கு, அதற்கு மேலே அட்டை மறைப்பு. அந்தக் காலத்தில் பல கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரீலுக்கு ரீல் இடைவேளை விடவேண்டியிருந்தது. நீங்களும் 90 நிமிடப் படம் என்றால் நடுவில் ஒருமுறை பத்து நிமிடம் விடுங்கள். வாசிப்பவர் கை ஓயும்.

#10 அரசலாறு

மிகவும் பயனுள்ளது. நன்றி ஐயா, நன்றி அண்ணே. உரிமைச் சிக்கல் ஏதும் உண்டா? நான்காவது கேள்வியான எழுத்து அட்டையும் பாக்கி இருக்கிறது.

#11 சுருள்பெட்டி

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1920களின் படங்கள் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் சீரமைத்து வெளியிட்ட வட்டில் சேர்த்திருக்கும் புது இசை தனிச் சொத்து. நீங்கள் நேரில் வாசிப்பதால் அதை அணைத்துவிடப் போகிறீர்கள். சாப்ளின் தன் படங்களுக்குப் பிற்காலத்தில் தானே இசை சேர்த்து மறுவெளியீடு செய்தார். அந்தப் பதிப்புகளைத் தொடும்முன் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அட்டைக்கு இரண்டு வழி. ஒன்று, தமிழ் வரியை அட்டையின் கீழே ஓடவிடுவது. அந்த வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்கவில்லை என்றால் எல்லாம் கேள்விக்குறியாக வரும். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாக எடுக்கவிட்டால் 'கொ', 'கௌ' போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வேகத்தை 0.75 ஆக்கிய பிறகே நேரக்குறி போடுங்கள், முன்னாடி போட்டால் எல்லாம் நழுவும்.

இரண்டாவது, ஒருவர் படித்துச் சொல்வது. நம் ஊரில் அப்படித்தான் நடந்தது, எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்வார். செய்தால் கட்டுப்பாடோடு செய்யவேண்டும்: அட்டை திரையில் நிற்கும் நேரத்துக்குள் முடிக்கவேண்டும், முகம் வந்த பிறகு பேசக்கூடாது. முகம் வந்துவிட்டால் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அட்டையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் ஏழெட்டுச் சொல்லில் சாரத்தைச் சொல்லட்டும்.

விதிவிலக்கு, எழுத்தே படமாக இருக்கும் இடங்கள். முர்னாவின் 'சன்ரைஸ்', 1927. மனைவியைத் தண்ணீரில் மூழ்கடித்துவிடலாமே என்று பட்டணத்துக்காரி சொல்லும் அட்டையில் எழுத்துகள் கரைந்து கீழே இறங்கி அமிழும். அங்கே தமிழ் வரி கீழே நின்றால் அந்த எழுத்து அமிழும் இடத்தையே மறைத்துவிடும். அந்த ஓர் அட்டைக்கு மட்டும் தமிழை மேலே போடுங்கள்.

#12 திருவாரூர்த்தேர்

எல்லாம் சரி. நம் ஊர் மௌனப் படம் எதையாவது போட முடியாதா? ஜெர்மனியும் அமெரிக்காவும்தானா?

#13 வெண்ணாற்றங்கரை

நியாயமான கேள்வி, பதில்தான் வருத்தம். இந்தியாவில் 1,300 அளவுக்கு மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன; முழுசாகவோ துண்டாகவோ மிஞ்சியவை மிகச் சில. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், இல்லை. அவருக்குப் பின் சென்னையில் வந்தவையும் இல்லை. தெற்கிலிருந்து கைக்குக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 1974ல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் மீட்டது. பால்கேயின் 'காளிய மர்தன்' (1919) கணிசமான பகுதி இருக்கிறது. குழந்தைகளோடு பார்க்க அருமையான படம். ஹிமாங்சு ராயும் ஃபிரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து செய்த 'ஷிராஸ்' (1928) சீரமைப்பும் நன்றாக வந்திருக்கிறது. காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நம் பகுதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. 1905ல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 31 அக்டோபர் 1931, சென்னை கினிமா சென்ட்ரல். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர், மௌனப் படங்களிலும் நடித்தவர். கே. சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர், இயக்குநர் ராஜா சாண்டோவோடு மௌனப் படங்களில் வேலை பார்த்துவிட்டு, 1934ல் மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை 'பவளக்கொடி'யில் அறிமுகப்படுத்தினார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1940ல் 'காளமேகம்' படத்தில் நாயகனாகவே வந்தார். மௌனத்திலிருந்து பாட்டுக்குத் தமிழ் சினிமா தாவிய அந்தப் பத்தாண்டில் காவிரிக்கரை ஆட்கள் இல்லாத இடம் குறைவு. காளிதாஸின் பிரதியும் இன்று இல்லை.

ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பிலிம் டப்பா இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். 1950களுக்கு முந்தைய 35 மி.மீ. பிலிம் பெரும்பாலும் நைட்ரேட். அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. சிதையும் வரிசை இப்படி: படம் பழுப்பாக மங்கும், பிறகு ஒட்டும், தேன் மாதிரி கசியும், கடைசியில் பழுப்புத் தூள். ஓட்டிப் பார்க்காதீர்கள், இறுக்கி மூடாதீர்கள், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தூளாகும்முன் எதுவும் காப்பாற்றக்கூடியதே. நம் பகுதியின் ஈரக்காற்று காத்திருக்காது.

#14 திருவாரூர்த்தேர்

அப்படியானால் பேச்சு வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்பது சரிதானே? ஆரம்பகாலப் பேசும்படம் எதைப் பார்த்தாலும் ஆட்கள் மரம் மாதிரி நிற்கிறார்கள்.

#15 கார்பன்கம்பி

கெட்டது கலையால் இல்லை ஐயா, கருவியால். அதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அந்த நிற்பிலும் சுவை இருக்கிறது.

வார்னர் நிறுவனத்தின் வைட்டாபோன் முறை: 1926, 27. ஒலி பிலிமில் இல்லை, 16 அங்குல இசைத்தட்டில். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, உள்ளிருந்து வெளியே ஓடும், ஒரு தட்டு ஒரு ரீலுக்குச் சரி. 11 நிமிடம். நொடிக்கு 24 என்ற வேகம் அங்கே நிலைத்தது. படம் 16லும் 22லும் ஓடினால் கண் பொறுத்துக்கொள்ளும், ஒலி அப்படி ஓடினால் சுருதி மாறிவிடும், காது பொறுக்காது. மோட்டார் வந்தது, கைப்பிடி போனது. பிலிம் அறுந்து ஐந்து பிரேம் போனால் ஐந்து கறுப்புப் பிரேம் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் அதற்குமேல் ரீல் முடியும்வரை உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

பிறகு ஒலி பிலிமிலேயே வந்தது. படத்தின் மேல் வெளிச்சம் பாயும் வாயிலில் பிலிம் விட்டுவிட்டு ஓடும், ஒலித்தலையில் ஒரே சீராக ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது. அதனால் ஒலியை 20 பிரேம் முன்னால் தள்ளி அச்சிட்டார்கள். நடுவில் உள்ள வளையத்தை ஆபரேட்டர் பெரிதாக விட்டால் உதடு பொருந்தாது. 24 பிரேமில் பிலிம் நொடிக்கு 18 அங்குலம் ஓடும். 8,000 அதிர்வெண் உள்ள ஒலி பிலிமில் 0.06 மி.மீ.க்கும் குறைவான இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒளிக்கீற்றில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை படிந்தாலே முதலில் போவது ச, ஸ, ஷ. வசனம் வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல் கேட்பது அதனால். பிலிம் பக்கவாட்டில் நகர்ந்து ஒளிக்கீற்று துளைவரிசையில் விழுந்தால் உர்ரென்று ஒரு முழக்கம், பிரேமுக்கு 4 துளை, 24 × 4 = 96 அதிர்வு. மறுபக்கம் நகர்ந்து படத்தில் விழுந்தால் படபடவென்று படகு மோட்டார் சத்தம், அது 24.

படப்பிடிப்புத் தளத்தில் நிலைமை இன்னும் கடினம். கேமரா இரையும், அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள், நகர்த்த முடியாது. கார்பன் விளக்கு சீறும், அதை எடுத்துவிட்டு இழைவிளக்கு போட்டார்கள். அந்த விளக்கின் சிவந்த ஒளியைப் பழைய ஆர்த்தோ பிலிம் ஏற்காது, எல்லா நிறத்தையும் உணரும் பாங்க்ரோமாட்டிக் பிலிம் எங்கும் வந்தது. ஆர்த்தோவில் நெற்றிக் குங்குமம் கருமையாகத் தெரியும், பாங்க்ரோவில் அப்படியில்லை. பழைய புகைப்படங்களில் இதைக் கவனிக்கலாம்.

#16 வெண்ணாற்றங்கரை

இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வுக்குப் பம்பாய் இம்பீரியல் ஸ்டுடியோவில் வைத்திருந்தது டானார் என்ற ஒற்றை முறைக் கருவி: படமும் ஒலியும் ஒரே நெகட்டிவில். ஒரு ஷாட்டை வெட்டினால் அதற்குரிய ஒலி சில பிரேம் தள்ளி வேறிடத்தில் இருக்கும், அதுவும் சேர்ந்து அறுபடும். ஆகவே வெட்டாமல் நீளமாக எடுத்தார்கள். பக்கத்தில் ரயில் பாதை. நள்ளிரவுக்கு மேல் ரயில் ஓயும் நேரத்தில் படம்பிடித்தார்கள். பின்னணிப் பாடல் முறை வரும்வரை பாட்டும் தளத்திலேயே, நேரடியாக. பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னால் சட்டகத்துக்கு வெளியே. பாடுபவர் முகத்தைத் திருப்பினால் குரல் மைக்கை விட்டுப் போய்விடும். அதனால்தான் நின்ற இடத்தில் நின்று பாடினார்கள். நாடக மேடையில் மைக் இல்லாமல் மூன்று ஸ்தாயி பாடிப் பழகிய தொண்டை, ஒரே எடுப்பில். அதைக் குறை என்று நான் பார்க்கவில்லை. கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் வேலை இழந்தார் என்பது வேறு விஷயம், அது பெரிய இழப்பு.

மாற்றத்தைக் காட்ட மூன்று படம் சொல்கிறேன். ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' (1929) மௌனமாகவும் பேச்சாகவும் இரண்டு பதிப்பும் இருக்கிறது. நாயகி ஆனி ஆண்ட்ராவின் செக் உச்சரிப்பு பொருந்தாததால் அவர் வாயசைக்க, ஜோன் பாரி கேமராவுக்கு வெளியே நின்று அதே நேரத்தில் பேசினார். காலையுணவுக் காட்சியை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துப் போடுங்கள். பேச்சுப் பதிப்பில் அண்டைவீட்டுக்காரியின் வளவளப்பு மங்கி மங்கி, 'கத்தி' என்ற ஒரே சொல் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே வரும். மௌனப் பதிப்பில் அதற்கு ஈடு இல்லை. அங்கே ஒலி கலையாகிவிட்டது.

'சிட்டி லைட்ஸ்' (1931): எல்லோரும் பேச ஆரம்பித்து மூன்றாண்டுக்குப் பிறகும் சாப்ளின் வசனம் வைக்கவில்லை. தொடக்கத்தில் சிலை திறக்கும் பிரமுகர்கள் பேசுவது வெறும் கீச்சுச் சத்தமாக வரும். ஆனால் இசை பிலிமிலேயே பதிவானது.

ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்', அதுவும் 1931. பின்னணி இசையே கிடையாது. பள்ளிவிட்டு வராத குழந்தையைத் தாய் கூப்பிடுவாள். குரல் மட்டும் கேட்கும். திரையில் ஆளில்லாத படிக்கட்டு, ஆளில்லாத துணி உலர்த்தும் பரண், சாப்பாட்டு மேசையில் காலித் தட்டு, புல்லில் உருண்டுவந்து நிற்கும் பந்து, மின்கம்பியில் சிக்கிய பலூன். மௌனப் படம் கற்றுத்தந்த கண்ணும் புதிதாக வந்த காதும் சேர்ந்த இடம் இது. திருவாரூர்த்தேர் ஐயா இதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

#17 அரசலாறு

பட்டியல் இப்படிப் போடுகிறோம்: ஷெர்லாக் ஜூனியர், காளிய மர்தன், நோஸ்ஃபெராட்டு சாயப் பிரதி, சன்ரைஸ், பிறகு பிளாக்மெயில் காட்சி ஒப்பீட்டோடு சிட்டி லைட்ஸ், கடைசியில் எம். சிட்டி லைட்ஸுக்கு உரிமை விசாரிக்கிறோம். சன்ரைஸுக்கும் அவர்கள் காலத்திலேயே பிலிமில் பதிந்த இசை உண்டு என்பதால் அதை நேரடி வாசிப்பில்லாமல் அப்படியே விடுவதா என்று யோசிக்கிறோம். பேச்சுப் படங்களுக்கு மண்டபத்தில் ஒலி எப்படி அமைப்பது?

#18 கண்டகதி

சன்ரைஸை அதன் இசையோடே விடுங்கள். மாற்றத்தின் நடுவில் நின்ற படம், அதைக் கேட்பதும் பாடம்தான்.

#19 கார்பன்கம்பி

மண்டபத்தில் நடுவே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை இழுத்தால் வசனம் புரியாது. தரையில் ஜமுக்காளம், பின்சுவரில் மடிப்பு மடிப்பாகக் கனத்த படுதா. துணி சுவரோடு ஒட்டாமல் நாலைந்து அங்குலம் தள்ளித் தொங்கவேண்டும். கூட்டம் வந்தால் இன்னும் அடங்கும்.

1931 ஒலி ஒற்றைத் தடம். மூலையில் உள்ள இரண்டு ஸ்பீக்கரில் விடாமல், ஒன்றை மட்டும் திரைக்கு நேர் கீழே நடுவில் வையுங்கள். குரல் வாயிலிருந்து வருவதாகக் காது ஏற்கும். கல்யாணப் பாட்டுக்காகப் பேஸ் ஏற்றி வைத்திருப்பார்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் முழுக்க இறக்குங்கள். 2,000 முதல் 4,000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கு மேலே இரைச்சல்தான் அதிகம், சற்றே தணித்தால் போதும். முழுக்க வெட்டினால் மறுபடியும் ச, ஸ போய்விடும். 'எம்' படத்தில் ஒலியே இல்லாத பகுதிகள் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று யாரும் ஓடிப்போய் வயரை ஆட்டாமல் இருக்க, ஒலிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புளூடூத் வேண்டாம், அதில் ஒலி பத்தில் ஒரு நொடிக்கு மேலும் பிந்தும், அதாவது இரண்டு மூன்று பிரேம். வயர் போட்டே இணையுங்கள்.